பட்டியலில் இல்லாத கைம்பெண்கள்: மட்டக்களப்பு, அம்பாறைத் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இறைபணியாற்றும் ஆயர் அவர்களுக்கும், பங்குக் குருக்களுக்கும், அருட்சகோதரிகளுக்கும், மெதடிஸ்த, அங்கிலிக்கன் திருச்சபைகளின் குருமாருக்கும், சுயாதீன சபைகளின் போதகர்களுக்கும், பங்குச் சபை உறுப்பினர்களுக்கும்,

கிறிஸ்துவின் அன்பில் வணக்கம்.

அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான சமுர்த்தி தொடங்கிய 1995 ஆம் ஆண்டிலிருந்து ஓய்வு பெறும்வரை, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலுமாகப் பல கிராமங்களில் சமுர்த்தி உத்தியோகத்தராக வேலை செய்தவன் நான். அந்தக் காலம் முழுவதும், இன்றுவரையும், ஏழைகளுக்கு உதவும் எங்கள் பங்கின் வின்சென்ட் டி போல் சபையில் உறுப்பினனாகவும் இருக்கிறேன். கிழமை நாட்களில் அரசாங்கத்தின் பட்டியலோடு போன அதே வீட்டுக் கடப்புகளுக்குள் ஞாயிறு பின்னேரங்களில் சபையின் சார்பில் போயிருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற தவக்காலத்தில் ஒரு மறையுரை கேட்டேன். ஏழையைத் தாங்குவது திருச்சபைக்கு ஆண்டவர் தந்த வேலை, அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டு காசு கொடுக்கக் கொடுக்க மக்கள் சோம்பேறிகளாகிறார்கள் என்பது அதன் சாரம். பூசை முடிந்து முற்றத்தில் நின்றபோது, பங்குச் சபையைச் சேர்ந்த ஒருவர் அதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொன்னார்: அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும வந்துவிட்டது, இனி நாங்கள் உலர் உணவுப் பொதி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்டார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், இரண்டு பேரும் ஏழைகளுக்காகக் கைப்பணம் செலவழித்தவர்கள். ஆனாலும் இருவர் சொன்னதும் தவறு என்றே நான் நம்புகிறேன். அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் அந்த முற்றத்தில் நின்று பேசிய எங்களில் எவருமல்லர்.

என்னுடைய அம்மம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். படுவான்கரையில் வேளாண்மை வெட்டு முடிந்த வட்டைகளில் அவர் கடகத்தோடு போய்க் கதிர் பொறுக்குவார். போடியார் என்ற நிலக்காரரின் வயல்தான், ஆனாலும் விழுந்த கதிர் பொறுக்க வருபவர்களுக்கு என்ற வழக்கம் ஊரில் இருந்தது. பொறுக்கிய நெல்லுக்காக அவர் எவருக்கும் நன்றி சொன்னதை நான் கண்டதில்லை, நிமிர்ந்தபடிதான் வருவார். சூடடிக்கும் களவெட்டிக்குப் போய் ஒரு மரைக்கால் நெல் கேட்டு வாங்கிய நாட்களில் மட்டும் போடியாரைக் கும்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வருவார். இரண்டும் அதே வயலின் நெல்தான். ஒன்று அவருக்குரியது, மற்றது அவருக்குத் தரப்பட்டது என்ற வித்தியாசம் அவருடைய கழுத்தில் தெரிந்தது. இப்போது வெட்டு மெசின் வந்து, கதிர் பொறுக்கும் வழக்கமே அருகிவிட்டது.

லேவியர் நூலின் 19 ஆம் அதிகாரமும் இணைச்சட்டத்தின் 24 ஆம் அதிகாரமும் இந்த வித்தியாசத்தைத்தான் சட்டமாக்கின. வயலின் ஓரத்தை முற்றாக அறுக்காதே, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வயற்காரனுக்கு மனமிருந்தால் செய் என்று அது சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பத்திலொன்றை ஊர்வாசலில் வைக்கச் சொன்னதும் அதே இணைச்சட்டம்தான். ஆகவே, ஏழைக்கு உரியதைச் சட்டத்தால் வகுத்து வைப்பது வேதத்துக்குப் புறம்பானது என்று எங்கள் பிரசங்க மேடைகளிலிருந்து சொல்லப்படும்போது என் மனம் வலிக்கிறது. திருப்பாடல் 72 அரசனுக்காகச் செய்யப்படும் மன்றாட்டு. அவன் எளியோருக்கு நீதி வழங்க வேண்டும், ஏழைகளின் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்றுதான் அது தொடங்குகிறது.

அரசின் உதவியும் திருச்சபையின் தருமமும் எதிரெதிரானவை என்ற எண்ணம் எங்கள் பழைய வரலாற்றிலும் இல்லை. நாலாம் நூற்றாண்டில் செசாரியாவில் கடும் பஞ்சம் வந்தபோது புனித பசிலியார் செல்வர்களின் களஞ்சியங்களைத் திறக்கச் செய்தார், பின்னர் நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் தொழுநோயாளருக்குமாக ஒரு பெரிய இல்லத்தையே கட்டினார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்பது அவருடைய போதனை. அதற்குச் சில வருடங்களுக்கு முன், 362 ஆம் ஆண்டளவில், கிறிஸ்தவத்தை வெறுத்த யூலியன் பேரரசன் கலாத்தியாவில் இருந்த தன்னுடைய பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளை மட்டுமா, எங்கள் ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள் என்று வெட்கப்பட்டு, அரச செலவில் சத்திரங்களும் தானியமும் ஏற்பாடு செய்யச் சொன்னான். எங்கள் முன்னோரின் தருமத்தைக் கண்டு அரசு தன் கடமையை உணர்ந்தது என்பது எனக்குப் பெருமையான செய்தி. அந்தத் தானியத்தைப் பெற்ற பசித்தவனை எந்தக் கிறிஸ்தவர் குறை சொல்லியிருப்பார்?

சோம்பேறித்தனம் பற்றிய வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆலய முற்றங்களில் அதிகம் கேட்பது அதுதான். தெசலோனிக்கருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், உழைக்காதவர் உண்ணக்கூடாது என்று வரும் வசனத்தை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் அது ‘வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்’ என்றும், திருவிவிலியத்தில் ‘உழைக்க மனமில்லாத’ என்றும் இருக்கிறது. இரண்டிலும் மனம் என்ற சொல் நிற்கிறது. வேலை இல்லாதவர், வேலை செய்ய உடம்பு இல்லாதவர், செய்த வேலைக்குக் கூலி போதாதவர் என்று எவரையும் பவுலடியார் அங்கே சொல்லவில்லை. 1753 ஆம் ஆண்டு, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய யோன் வெஸ்லி லண்டன் நகரில் நிலக்கீழ் அறைகளிலும் கூரையடி அறைகளிலும் கிடந்த ஏழைகளைப் போய்ப் பார்த்துவிட்டு, நகரக்கூடியவர்களில் வேலையின்றி இருந்த ஒருவரைக்கூடத் தான் காணவில்லை என்றும், சோம்பலால்தான் அவர்கள் ஏழைகள் என்று சொல்வது கொடிய பொய் என்றும் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1814 இல் மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட் வந்து இறங்கிய நாளிலிருந்து வெஸ்லியின் பிள்ளைகள் வாழும் மண் இது. செங்கல் வாடியில் நாள் முழுவதும் கல் அரியும் பெண்ணை, மாதம் சில ஆயிரம் ரூபாய் வாங்குவதற்காகச் சோம்பேறி என்று அழைக்கும் வார்த்தை இந்த மண்ணின் பிரசங்க மேடைகளில் ஒலிக்கலாமா?

மற்றவர்களின் வரிப்பணத்தை எடுத்துக் கொடுப்பதில் அன்பு எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் வருகிறது. கொடுப்பவன் விசனத்தோடும் கட்டாயத்தோடும் கொடுக்கக்கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்டது உண்மை. ஆனால் அது எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பற்றிய வார்த்தை. வரியை வரியாகவே செலுத்துங்கள் என்று அதே பவுலடியார் உரோமையருக்கு எழுதினார். இந்த நாட்டில் 2024 சனவரியிலிருந்து வற் எனப்படும் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18. ஒரு சவர்க்காரத்துக்கும் ஒரு சோடிச் செருப்புக்கும் அந்தச் செங்கல் வாடிப் பெண் கொடுக்கும் பணத்தில் அந்த வரியும் இருக்கிறது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்கள் அனுப்பிய பணம் இந்த நாட்டின் அந்நியச் செலாவணியாகிறது. ஆகவே அஸ்வெசுமவில் வருவது மற்றவர்களின் பணம் மட்டுமே என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அரசை நான் புனிதப்படுத்த வரவில்லை. ஒரு தேர்தல் முடிந்த கையோடு, அரசியல் செல்வாக்குள்ள ஒருவர் தந்த கையெழுத்துத் தாளைப் பார்த்து, தகுதியான சில பெயர்களை நான் பட்டியலிலிருந்து வெட்டியிருக்கிறேன். மேலிடத்து அழுத்தம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெயர்களில் ஒன்று எங்கள் பங்கு மூதாட்டி ஒருவருடையது. ஏன் என்று அவர் கடைசிவரை என்னைக் கேட்கவில்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் என் கையை அவர் பிடித்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பாரமானவை. அலுவலகத்தின் பட்டியல் மனிதரைக் காணாமற்போகச் செய்யும் என்பது எனக்குத் தெரியும். திருத்தந்தையர்களான 1931 இல் பதினோராம் பத்திநாதரும் 1991 இல் இரண்டாம் யோவான் பவுலும் இந்த ஆபத்தைச் சொன்னார்கள். சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய அரசு பறித்துக்கொள்ளக் கூடாது, அலுவலகப் பழக்கம் மேலோங்கினால் உதவி பெறுபவரின் முகம் மறைந்துவிடும் என்ற அவர்களின் எச்சரிக்கையை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் முகத்தை அறிந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வாவிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு எங்கள் பங்கிலிருந்து பதினான்கு மாதங்கள் உலர் உணவுப் பொதி கொடுத்தோம். அரிசி ஐந்து கிலோ, பருப்பு, சீனி, தேயிலை, இரண்டு டின் மீன். மாதத்தின் முதல் சனிக்கிழமை மண்டபத்தில் வரிசை, பின்னால் பதாகை, பொதியில் ஒரு கையை அவரும் மறு கையை நாங்களும் வைத்தபடி ஒரு படம். ஒவ்வொரு படத்திலும் அவர் சேலைத் தலைப்பை முகத்தை நோக்கி இழுத்தபடி நிற்பதை, பிறகு ஆல்பத்தைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று சொன்னவரின் பெயரால் அந்தப் படங்களை எடுத்தோம்.

அந்தப் பதினான்கு மாதங்களில், உங்களுக்கு ஏன் அஸ்வெசும வரவில்லை என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. முப்பது வருடம் இந்த வேலையோடு வாழ்ந்த நானும் கேட்கவில்லை. ஒரு நாள் பொதியை வீட்டுக்கே கொண்டுபோனபோதுதான், முற்றத்து முருங்கையின் கீழ் இறந்த கணவனின் மோட்டார் சைக்கிள் நின்றதைக் கண்டேன். இரண்டு சில்லும் மண்ணுக்குள் புதைந்து, இருக்கையில் கோழிகள் எச்சமிட்டிருந்தன. கணக்கெடுக்க வந்தவர் கேட்டபோது சின்ன மகன், மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். குடும்பத்துக்கு வாகனம் உண்டு என்று பதிவாகிவிட்டது. பட்டியல் ஒட்டப்பட்ட காலத்தில் அவர் செங்கல் வாடியில் நின்றார். மேன்முறையீட்டுக்கு இத்தனையாம் திகதி கடைசி என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

எங்கள் பொதியின் பெறுமதி ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய். அவருடைய நிலையில் உள்ள குடும்பத்துக்கு அன்று உரியது மாதம் 8,500 ரூபாய். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்ற தலைப்புகளின் கீழ் 22 குறிகாட்டிகளை வைத்து, 2023 சூலையிலிருந்து நான்கு வகுப்புகளாக 2,500, 5,000, 8,500, 15,000 என்று கொடுத்தார்கள். கடைசி இரண்டையும் 2025 சனவரியிலிருந்து 10,000, 17,500 என்று உயர்த்தினார்கள். எங்கள் அன்பின் காரணமாக நாங்கள் அவருக்கு நாலாயிரம் கொடுத்து, எங்கள் கவனக்குறைவின் காரணமாக அவர் அதில் இரண்டு மடங்குக்கு மேல் இழக்க விட்டிருக்கிறோம்.

1965 இல் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் பணி பற்றிய ஏட்டின் எட்டாம் பிரிவில் சொன்னதை அன்றிரவு மீண்டும் வாசித்தேன். நீதியின்படி கொடுக்கப்பட வேண்டியது முதலில் நிறைவேற்றப்பட வேண்டும், நீதியால் உரியதைத் தருமமாகக் கொடுப்பதாகக் காட்டக்கூடாது என்று அங்கே தெளிவாக இருக்கிறது. தீமையின் விளைவுகளை மட்டுமல்ல, காரணங்களையும் நீக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பரும் 2009 இல், மற்றவருக்கு நீதியால் உரியதைக் கொடுக்காமல் என்னுடையதை நான் அவருக்குக் கொடையாகக் கொடுக்க முடியாது என்று எழுதினார்.

கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், மரணச் சான்றிதழ், மோட்டார் சைக்கிளின் படம் என்று எடுத்துக்கொண்டு அவரோடு நான் மூன்று தடவை பிரதேச செயலகத்துக்குப் போனேன். மாதங்கள் சென்றன. வங்கிக் கணக்கில் முதற்பணம் விழுந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அப்ப இனி நான் சனிக்கிழமை வரத் தேவையில்லைதானே, சேர்?” நன்றி சொல்லவில்லை. என் அம்மம்மா கதிர் பொறுக்கிவிட்டு வந்த நடையை அந்தக் கேள்வியில் நான் கண்டேன். பொதுசன உதவிப் பணத்துக்குப் பிச்சைச் சம்பளம் என்று பெயர் வைத்துப் பேசிப் பழகிய நாங்கள், அந்தப் பெயரை முதலில் எங்கள் வாயிலிருந்து எடுக்க வேண்டும்.

திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசிக்கும்படி உங்களை வேண்டுகிறேன். எருசலேமில் தினசரிப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. சிறுபான்மை மொழிக்காரர், பட்டியலில் விடுபட்டவர்கள், அதுவும் கைம்பெண்கள். தனிச் சிங்களத்தில் வந்த கடிதத்தை யாரிடம் வாசிக்கக் கொடுப்பது என்று தெரியாமல் பைக்குள் மடித்து வைத்திருந்த பெண்களைக் கண்ட எனக்கு, அந்தப் பகுதி எங்கள் மாவட்டத்தில் எழுதப்பட்டது போலவே இருக்கும். திருத்தூதர்கள் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. செபித்துப் பொறுத்திருங்கள் என்றும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பங்கீட்டுக்குப் பொறுப்பானவர்கள் வந்தார்கள் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். பட்டியலைச் சரிசெய்வது ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களின் வேலையாக இருந்தது, அவர்கள்மேல் கைகளை வைத்துச் செபித்தார்கள்.

எங்கள் திருச்சபைகளிலும் அப்படிப்பட்டவர்களை ஏற்படுத்துங்கள் என்பதே என் விண்ணப்பம். ஒவ்வொரு பங்கிலும், சபையிலும் படிவம் நிரப்பத் தெரிந்த இருவர் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கலியாண அறிவித்தலை மூன்று ஞாயிறு வாசிப்பது போல, நலன்புரிப் பட்டியல் ஒட்டப்பட்ட நாளையும் மேன்முறையீட்டின் கடைசித் திகதியையும் மூன்று ஞாயிறு வாசியுங்கள். கோயிலுக்கு வராத வீடுகளுக்கும் அந்தச் செய்தி போக வேண்டும். கோயில் பரிபாலன சபையினரோடும் பள்ளிவாசல் நிருவாகத்தினரோடும் சேர்ந்து ஒரே கடிதமாகப் பிரதேச செயலாளரிடம் கொண்டுபோனால் அது கவனிக்கப்படும். சக்காத்தும் அன்னதானமும் நாளாந்தம் நடக்கும் ஊர்களில் எங்களுக்குத் துணை கிடைக்காமற் போகாது. 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் யாருடைய பானையில் யார் சாப்பிட்டோம் என்று எவரும் பார்க்கவில்லை.

உதவியை மதம் மாற்றும் கருவியாக்கக்கூடாது என்று 2005 டிசம்பரில் கையொப்பமிட்ட தன் முதல் சுற்றுமடலிலேயே பதினாறாம் ஆசீர்வாதப்பர் எழுதியதைச் சுயாதீன சபைகளின் போதகர்களும் தயவுசெய்து கருத்திற்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வந்தால்தான் அரிசி என்ற பேச்சு எங்கேயாவது உண்மையாக இருந்தால், அது எல்லாச் சபைகளின் தருமத்தையும் கறைப்படுத்துகிறது.

அஸ்வெசும வந்துவிட்டது, இனி நாங்கள் எதற்கு என்று கேட்ட சகோதரருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கிக்கு வரும் பணம் இரவில் மூச்சு முட்டும் கிழவரின் முதுகைத் தடவாது. கண் மங்கிய ஒருவர் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் ஒரே போத்தலில் கலந்துவிட்டதை 22 குறிகாட்டிகளில் எதுவும் காட்டாது. நான் அதைக் கண்டது ஒரு ஞாயிறு பின்னேரம் அவருடைய வாங்கில் அமர்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது. அநீதியே இல்லாத அரசிலும் அன்புக்கு வேலை இருக்கும் என்று ஆசீர்வாதப்பர் அதே மடலில் எழுதினார். நுண்கடன் வசூலிக்க வருபவர் வாசலில் நிற்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்க ஒருவர், பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்கு நாளைக் காலை காசு, மேன்முறையீடு முடியும்வரை அடுப்பெரிய அரிசி: இவற்றை எந்தத் திணைக்களமும் நேரத்துக்குத் தராது. அதற்காகப் பொதியைத் தொடருங்கள். படமும் பதாகையும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது, அரசிடமிருந்து உங்களுக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று கேளுங்கள்.

இந்த மடலை வாசிக்கும் குருக்களும் போதகர்களும் தங்கள் இடத்தில் இதைத் தொடங்க விரும்பினால், படிவங்களை எப்படி நிரப்புவது, எந்தச் சான்றிதழ் தேவை, எந்த மேசையில் ஒப்படைப்பது என்பதை உங்கள் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகள் முழுவதும் எனக்கு ஓய்வு. கல்லாற்றிலிருந்து பொத்துவில் வரையும், வாகரை வரையும் பேருந்தில் வந்து போக என் உடம்பு இன்னும் இடங்கொடுக்கிறது. முதலில், சென்ற வருடம் நீங்கள் பொதி கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்திருங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.

இறைபணியில் உங்கள் சகோதரன்,
ஓய்வு பெற்ற சமுர்த்தி உத்தியோகத்தர் ஒருவர்,
மட்டக்களப்பு.